அப்பாவின் எம்என்டியும் நாங்கள் பிடித்துக்கொண்ட நம்பிக்கைகளும்

எங்கள் அப்பா கொழும்பு செட்டியார் தெருவில் நகைத் தொழிலாளி. சின்ன வயதில் பட்டறையில் உட்கார்ந்தவர், அறுபதை நெருங்கும்வரை எழும்பவில்லை. 2021 கடைசியில் அவருக்கு எம்என்டி, அதாவது இயக்க நரம்பு நோய், என்று உறுதியானது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர், அக்கம்பக்கத்து ஆக்கள், ஒன்றிரண்டு டொக்டர்மார்கூட ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "இதுக்கு ஒன்றும் செய்ய ஏலாது." அந்த வசனத்தோடு எனக்கு இன்றைக்கும் சண்டைதான். முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, அது உண்மை. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆராய்ச்சியில் உண்மையாகவே சந்தோஷப்படக்கூடிய விஷயங்கள் நடந்திருக்கின்றன. இதே நோய் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் வேறு வீடுகளுக்காக எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் விரல்தான். சாவணத்தால் சின்னக் கல்லைத் தூக்கி வைக்கும்போது கல் நழுவி விழும். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றி, அந்த இடம் குழிந்துபோயிருந்தது. தோலுக்குக் கீழே சதை தன்பாட்டில் துடிக்கும். வலி இல்லை, விறைப்பு இல்லை, தொட்டால் உணர்வும் நன்றாக இருந்தது. மூளையிலும் முள்ளந்தண்டிலும் இருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்லச் சாவதுதான் இந்த நோய். ஷார்க்கோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1869 இலேயே இதை விவரித்து எழுதிவிட்டார். உணர்ச்சி நரம்புகளை இது பெரும்பாலும் தொடுவதில்லை. அதனாலேயே ஆரம்பத்தில் பலர் "வயசாகுது, கை களைச்சுப் போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கைச்சதை வற்றினால் எல்லாமே எம்என்டி ஆகிவிடாது. இதைப்போலவே தோற்றம் காட்டும் வேறு நோய்கள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றுக்கு மருந்து உண்டு. கழுத்து எலும்பு தேய்ந்து முண்ணாணை அழுத்துவது ஒன்று. இயக்க நரம்புகளை மட்டும் தாக்கும் ஒருவகை நரம்பழற்சி இன்னொன்று, அதற்கு இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் பலன் கிடைக்கும். இளம் வயது ஆண்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, சில வருடங்களில் அப்படியே நின்றுவிடும் ஹிராயாமா நோயும் இருக்கிறது. இலங்கை நரம்பியல் வைத்தியர்களே 1989 இல் இங்குள்ள நோயாளிகளைப் பற்றி அப்படியொரு ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். தமிழர்களான நமக்கு இன்னும் கிட்டிய ஒன்று 'மெட்ராஸ் மோட்டார் நியூரோன் நோய்'. 1970 இல் சென்னை வைத்தியர்கள் விவரித்தது. பெரும்பாலும் தென்னிந்தியாவில் இளம் வயதினருக்கு வருவது, காது கேட்பது குறையும், ஆனால் மிக மெதுவாகத்தான் போகும், பல வருடங்கள் வாழலாம். எங்கள் டொக்டர் அப்பாவிடம் "காது எப்படி?" என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆகவே தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி, நரம்புக் கடத்தல் சோதனை, கழுத்து எம்ஆர்ஐ, இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முடியும்வரை யார் சொன்னாலும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முடிந்தால் இன்னொரு நரம்பியல் நிபுணரையும் சனல் பண்ணிக் காட்டுங்கள்.

முதல் மருந்து ரிலுசோல். 1995 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 50 மில்லிகிராம், காலையும் இரவும், வெறும் வயிற்றில். ஆய்வுகளில் அது ஆயுளைக் கூட்டியது சுமார் 2 முதல் 3 மாதம். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று மாமா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆரம்பத்திலேயே தொடங்கி விடாமல் எடுப்பவர்களுக்கு அதைவிடக் கூடப் பலன் இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் முதல் சில மாதங்கள் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எல்லா பாமசியிலும் இராது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது சென்னையிலிருந்து வந்த சித்தப்பாதான் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் கையிருப்பு வைத்திருக்கிறோம்.

ரிலுசோலைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தந்தது ஒரு மருந்தே இல்லை, மூச்சு மெஷின். பைபாப் என்பார்கள். முகத்தில் மாஸ்க் போட்டு, இரவில் காற்றை உள்ளே தள்ளி, களைத்துப்போன மூச்சுத் தசைக்கு ஓய்வு கொடுக்கும். இங்கிலாந்தில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வில், விழுங்கும் பேசும் தசைகள் அதிகம் பழுதாகாதவர்களுக்கு இதனால் கிடைத்த மேலதிக ஆயுளின் இடைநிலை 205 நாட்கள். தூக்கமும் மனநிலையும் கூடவே நன்றாக இருந்தன. அப்படியான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "ஒன்றும் செய்ய ஏலாது" என்று எப்படிச் சொல்ல முடியும்?

மூச்சு குறைவது மூச்சிரைப்பாக வரும் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். கை கால் ஓடாதவருக்கு இரைப்பு தெரியாமலே போகலாம். அப்பாவுக்கு வந்தது காலைத் தலையிடி. பிறகு இரவில் அடிக்கடி விழிப்பு, பகலில் கதிரையிலேயே கண்ணயர்வது, தலையணை ஒன்று போதாமல் மூன்றாவது. நெஞ்சுநோய் வைத்தியரிடம் காட்டியபோது, இரவில் கரியமிலவாயு உடம்பில் தங்கிவிடுகிறது என்றார். மெஷின் போட்டு ஒரு கிழமைக்குள் தலையிடி போய்விட்டது. மாஸ்க் பழக நாள் எடுக்கும். பகலில் டீவி பார்க்கும்போது கொஞ்ச நேரம் போட்டுப் பழக்கியதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

ஒட்சிசன் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். பக்கத்து வீட்டு அண்ணா நல்ல மனதோடுதான் சிலிண்டர் ஒன்று கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார். ஆனால் இந்த நோயில் நுரையீரல் பழுதில்லை, காற்றை இழுக்கும் தசைதான் பலவீனம். மெஷின் இல்லாமல் ஒட்சிசனை மட்டும் கொடுத்தால் கரியமிலவாயு இன்னும் கூடி ஆளை மயக்கத்துக்குக் கொண்டுபோய்விடலாம். டொக்டர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம்: இவருக்கு எம்என்டி, நேராகப் படுக்கவைக்க வேண்டாம், ஒட்சிசன் மட்டும் போதாது, இவருடைய மெஷினையும் கொண்டுபோங்கள், பேச முடியாது, ஆனால் நாம் சொல்வது எல்லாம் விளங்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸ் வந்தால் அந்தத் தாளையே கழற்றிக் கையில் கொடுத்துவிடலாம். அவசரத்தில் யாருக்கும் சிங்களம் சரியாக வராது.

மின்சாரத்துக்கும் வழி வேண்டும். 2022 இல் நாங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அப்போது அப்பாவுக்கு மெஷின் இல்லை. ஆனால் மெஷின் வாங்கும்போது அந்த ஞாபகத்தோடேயே பற்றரியும் சேர்த்து வாங்கினோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டபோது அதுதான் காப்பாற்றியது. மெஷினில் காற்றை ஈரமாக்கும் சூடாக்கி ஒன்று இருக்கும், பற்றரியில் ஓடும்போது அதை நிறுத்திவிடுங்கள். மின்சாரத்தை அதிகம் குடிப்பது அதுதான், நிறுத்தினால் பற்றரி எவ்வளவோ கூட நேரம் நிற்கும்.

சாப்பாட்டில் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பு மெலிய விடக்கூடாது, எடை குறைந்தவர்களுக்கு நோய் வேகமாகப் போகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பிட்டு போன்ற உதிரும் சாப்பாடு ஆபத்து. இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவிட்டுப் பிசைந்தால் இறங்கும். ஆச்சரியம் என்னவென்றால் அதிகம் புரைக்கேறியது தண்ணீரும் பிளேன் டீயும்தான். கஞ்சிப் பதத்துக்குத் தடிப்பாக்கிக் கொடுக்கப் பேச்சு சிகிச்சையாளர் பழக்கினார். வயிற்றில் நேரே குழாய் வைக்கும் பெக் ஒபரேஷனை மூச்சு நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும், பிந்தினால் ஆபத்து கூடும். அப்பா குழாய்க்கு மனமில்லாமல் இருந்தார். "வாயால் சாப்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, இது கூடுதல் வழி" என்று டொக்டர் விளக்கிய பிறகு சம்மதித்தார். இன்றைக்கும் அம்மா ஊட்டும் பாயாசத்தை வாயால்தான் சாப்பிடுகிறார்.

வெளிநாட்டில் நரம்பியல், நெஞ்சுநோய், ஊட்டச்சத்து, பேச்சு, பிசியோ எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்க்கும் எம்என்டி கிளினிக் இருக்கிறது. அயர்லாந்தில் அப்படியான கிளினிக்குக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட இடைநிலையில் ஏழரை மாதம் கூட வாழ்ந்தார்கள் என்று 2003 இல் ஓர் ஆய்வு வந்தது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை, பெரியாஸ்பத்திரியும் தனியார் வைத்தியசாலையுமாக ஓடினோம். ஆகவே ஒரு சிஆர் கொப்பி வாங்கி, ஒவ்வொரு டொக்டர் சொன்னதையும் எழுதி, அடுத்தவரிடம் அதையே திறந்து காட்டினோம். அந்தக் கொப்பிதான் எங்கள் கிளினிக்.

இனி ஆராய்ச்சி. லண்டனில் இருக்கும் தம்பி, டொஃபர்சென் என்ற மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி கொடுத்த செய்தியை அனுப்பியபோது நான் இரவிரவாக அதைப் பற்றித் தேடிப் படித்தேன். எம்என்டிக்குக் காரணமான மரபணு ஒன்று, எஸ்ஓடி1, 1993 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பிழை இருந்தால் கெட்ட புரதம் உருவாகி நரம்புக் கலத்துக்குள் சேரும். மரபணுவிலிருந்து புரதம் செய்யும் இடத்துக்குப் போகும் செய்தியை டொஃபர்சென் பிடித்து அழித்துவிடுகிறது. இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவருக்கு அப்போது கொஞ்சம் பேச்சு இருந்தது. "அச்சு பிழை. அச்சை மாத்த ஏலாது. அதால மெழுகிலேயே உடைச்சு விடுறாங்கள், தங்கம் ஊத்த முதல்" என்றார். அச்சு மரபணு, மெழுகு அந்தச் செய்தி, தங்கம் புரதம். இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை.

அந்த மருந்தின் கதை நேராக வெற்றியில் முடிந்த கதையும் இல்லை. 28 கிழமை நடந்த முக்கிய ஆய்வில் எதிர்பார்த்த இலக்கை அது எட்டவில்லை. ஆனால் நரம்பு சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் நன்றாகக் குறைந்தது. ஒரு வருடம்வரை தொடர்ந்து பார்த்தபோது, முதலிலேயே மருந்து தொடங்கியவர்கள் பிந்தித் தொடங்கியவர்களைவிட மெதுவாகவே பலம் இழந்தார்கள். சிலருக்குப் போன பலம் கொஞ்சம் திரும்பியும் வந்தது. எம்என்டியில் பலம் திரும்புவது என்பது முன்பு யாரும் எதிர்பார்க்காத ஒன்று. 2024 இல் ஐரோப்பாவும் அனுமதித்தது. எஸ்ஓடி1 பிழை உள்ள, ஆனால் நோய் இன்னும் தொடங்காதவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கும் சோதனையும் நடக்கிறது.

எஸ்ஓடி1 பிழை இருப்பது மொத்த நோயாளிகளில் 2 சதவீதம் அளவில்தான். ஆனாலும் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் செய்யலாம், ஏனென்றால் சொந்தத்தில் நோய் இல்லாத சிலருக்கும் மரபணுப் பிழை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு கின்சி வீதியில் இருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம். ஊசி குத்தி இரத்தம் எடுப்பதற்கு முதல், முடிவு வந்தால் பிள்ளைகள் என்ன செய்வோம் என்று நாங்கள் வீட்டில் இருந்து கதைத்தோம். அந்தக் கதை அவசியம். அப்பாவுக்கு அறியப்பட்ட பிழை எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எனக்கும் தம்பிக்கும் அது ஆறுதல், ஆனால் டொஃபர்சென் அப்பாவுக்கு இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு அம்மா அழுதா.

அப்படியென்றால் அப்பாவைப் போன்றவர்களுக்கு என்ன? நான் இப்போது கண் வைத்திருப்பது டிடிபி-43 என்ற புரதத்தில். எம்என்டி நோயாளிகளின் நரம்புக் கலங்களுக்குள் கட்டி கட்டியாகச் சேர்வது அதுதான் என்று 2006 இல் கண்டார்கள். ஏறக்குறைய 97 சதவீதம் பேருக்கு, மரபணுப் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே காட்சி. கலத்தின் கருவுக்குள் இருக்க வேண்டிய புரதம் வெளியே போய்விடுவதால், ஸ்டத்மின்-2, யூஎன்சி13ஏ போன்ற முக்கியமான வேறு புரதங்களும் சரியாக உருவாவதில்லை என்று 2019 முதல் தெரிய வந்தது. ஸ்டத்மின்-2 ஐத் திரும்பச் சரியாக்கும் ஊசி மனிதர்களில் சோதிக்கப்படத் தொடங்கிவிட்டது. இது பலித்தால் 2 சதவீதத்துக்கு இல்லை, பெரும்பாலானவர்களுக்கு. இதே குடும்பத்து மருந்தான நுசினெர்சென், இயக்க நரம்புகள் சாகும் இன்னொரு நோயோடு பிறந்த குழந்தைகளை, எழுந்து உட்காரவே மாட்டார்கள் என்று கைவிட்டவர்களை, உட்காரவும் சிலரை நடக்கவும் வைத்திருக்கிறது. அதற்கு 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. சாகும் இயக்க நரம்பை நிறுத்தி வைக்க முடியும் என்பதற்குக் கண்முன்னே அத்தாட்சி.

வட்ஸ்அப்பில் வரும் "மருந்து கண்டுபிடித்தாச்சு" செய்திகளுக்கு நான் கேட்கும் கேள்விகள் இவை: எலியிலா மனிதரிலா? மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எந்த மரபணு உள்ளவர்களுக்கு? அமெரிக்காவில் 2022 இல் ரெலிவ்ரியோ என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். 2024 இல் பெரிய ஆய்வில் பலன் இல்லை என்று தெரிந்ததும் கொம்பனியே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. எனக்கு அது துக்கம்தான், ஆனால் பலன் இல்லாததை இல்லை என்று சொல்லும் ஆராய்ச்சியைத்தான் நான் நம்புவேன். இன்னொன்று மெத்தில்கோபாலமின். ஜப்பான் 2024 இல் அதை இந்த நோய்க்கு அனுமதித்தது உண்மை. ஆனால் அது 50 மில்லிகிராம் ஊசி, கிழமைக்கு இரண்டு தரம், ஆய்வில் பலன் கண்டது நோய் தொடங்கி ஒரு வருடத்துக்குள் இருந்தவர்களிடம். பாமசியில் வாங்கும் 500 மைக்ரோகிராம் மாத்திரை அதில் நூறில் ஒரு பங்கு. மாத்திரையைப் போட்டுவிட்டு ஜப்பான் மருந்து எடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டெம்செல் ஏற்றி நடக்க வைப்போம் என்று வெளிநாட்டு நிலையம் ஒன்றிலிருந்து எங்களுக்கும் அழைப்பு வந்தது. நிரூபணம் கேட்டோம், பழைய நோயாளிகளின் வீடியோ அனுப்பினார்கள். வீட்டை விற்றுப் போகத் தயாரான குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து போகாதீர்கள். உண்மையான சோதனையில் சேர நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள்.

பேச்சு இருக்கும்போதே குரலைப் பதிவு செய்யுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், பேச்சு போன எம்என்டி நோயாளி ஒருவரின் மூளையில் 256 மின்முனைகள் வைத்து, அவர் பேச நினைப்பதைக் கணினி எழுத்தாக்கி, நோய்க்கு முந்திய அவருடைய குரலிலேயே சொல்ல வைத்தார்கள். 97 சதவீதம் சரியாக வந்தது என்று 2024 ஓகஸ்டில் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் வந்தது ஒருநாள் தமிழிலும் வரட்டும், குரல் கையில் இருக்க வேண்டும். அப்பாவை போனில் பேச வைத்து எடுத்தோம். பேரப்பிள்ளையின் பெயர், "தேத்தண்ணி தாங்கோ", "காலைத் திருப்பி விடும்மா", பட்டறைக் கதைகள்.

இப்போது அவர் எங்களோடு கதைப்பது கண்ணால். கண்ணை அசைக்கும் தசையை இந்த நோய் பெரும்பாலும் விட்டுவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் நானே பலகை செய்தேன். தமிழுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது: வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறு ஆறாக மூன்று மூலையில், நாலாவது மூலையில் உயிரெழுத்து. முதலில் எந்த மூலை என்று பார்ப்பார், பிறகு அதில் எத்தனையாவது என்று கண்ணை மூடித் திறப்பார். குறில் நெடில் பார்ப்பதில்லை, நாங்கள் ஊகித்துக்கொள்வோம். 'க', 'ல' வந்தாலே காலைத் திருப்ப வேண்டும். நடுவில் 'ஆம்', 'இல்லை', 'வலி', 'சளி', 'மாஸ்க்' என்று முழுச் சொற்கள். முழுச் சொற்களை நடுவில் போட்டதுதான் நேரத்தை மிச்சம் பிடித்தது.

வெளிநாட்டுச் சோதனைகளில் சேர்க்கும்போது முதலில் கேட்பது நோய் எப்போது தொடங்கியது, மூச்சளவு என்ன, உடம்பு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் ஏஎல்எஸ் (எம்என்டியின் பொதுவான வகை) மதிப்பெண் எவ்வளவு என்பதைத்தான். பன்னிரண்டு கேள்விகள், மொத்தம் 48 புள்ளி. மாதம் ஒருமுறை அப்பாவோடு இருந்து அதைப் போட்டு, திகதியோடு கொப்பியில் எழுதுகிறேன். எடையும் மூச்சளவும் பக்கத்தில். அடுத்த கிளினிக்குக்கு அப்பாவே பலகையில் ஒரு கேள்வி சொல்லியிருக்கிறார்: அந்த நியூரோஃபிலமென்ட் இரத்தப் பரிசோதனையை இங்கே எடுக்க முடியுமா, எடுத்து அனுப்பவாவது முடியுமா என்று. பக்கத்தின் முதல் வரியில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.